செல்லம் எங்கே கெடுக்கிறது?

“செல்லம் குடுத்தே பிள்ளையக் கெடுத்துப்புட்டாக” என்று தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர்ப் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் மனதில் உடனே வருவது கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கும் வீடு. புது சைக்கிள், புது போன், வாரம் தவறாமல் குமுளியிலிருந்து வரும் நேந்திரங்காய்ச் சிப்ஸ். ஆனால் 19 வயதிலும் ஒரு விண்ணப்பத்தைத் தனியாக நிரப்பத் தயங்குகிற, எந்தப் பேருந்தில் ஏறுவது என்று கேட்கவும் வீட்டுக்குப் போன் போடுகிற பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். அவர்களில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: யோசிக்க வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் அவர்களுக்கு முன்பே வேறு யாரோ யோசித்து முடித்துவிட்டார்கள்.

பாசம் பிள்ளையைக் கெடுப்பதில்லை. மடியில் வைத்துக் கொஞ்சுவது, பிடித்த பலகாரம் செய்து தருவது, அழும்போது அணைத்துக்கொள்வது எதுவும் எந்த வயதிலும் கேடு செய்யாது. பிள்ளை எடுக்க வேண்டிய முடிவை நாம் எடுத்துவிடும்போதுதான் கேடு தொடங்குகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால், பிள்ளையைத் திருத்த நினைக்கும் வீடுகள் முதலில் பாசத்தைக் குறைக்கின்றன. முடிவுகளை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கின்றன. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

செல்லத்தின் வகைகள்

மிதமிஞ்சிய செல்லத்தை ஆராய்ந்த அமெரிக்கரான ஜீன் இல்ஸ்லி கிளார்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை மூன்றாகப் பிரித்தார்கள். தேவைக்கு மேல் பொருளும் பொழுதுபோக்கும் கொடுப்பது ஒன்று. பிள்ளை தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுப்பது இரண்டாவது. விதிகளே இல்லாமலோ, இருந்தும் மீறினால் எதுவும் நடக்காமலோ விடுவது மூன்றாவது. நம் வீடுகளுக்கு இதோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பிள்ளைக்காக முடிவெடுப்பது. இதை நாம் செல்லம் என்று நினைப்பதே இல்லை, ‘பொறுப்பு’ என்று நினைக்கிறோம். அதனால் கண்ணில் படாமல் வளர்வது இதுதான்.

பொருள் செல்லத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சைக்கிள் கூடுதலாக வாங்கிக் கொடுத்ததால் எந்தப் பிள்ளையும் யோசிக்க மறப்பதில்லை. எந்த சைக்கிள், எவ்வளவு விலை, பள்ளிக்குப் போகும் மேட்டுக்குக் கியர் வேண்டுமா, வேண்டாமா என்று அதையும் நாமே முடிவு செய்து கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் இழப்பு.

வேலைச் செல்லமும் முடிவுச் செல்லமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. பையன் சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டான், தண்ணீர்ச் செம்பு கையில் வர வேண்டும். ஆனால் எங்கே போகிறான், யாருடன் போகிறான் என்பது அவன் விருப்பம். பெண் பிள்ளை 12 வயதில் முழுச் சமையலும் செய்வாள். என்ன துணி எடுப்பது, எந்தக் குரூப் சேருவது, எந்தத் தோழி வீட்டுக்குப் போவது எல்லாம் பிறர் முடிவு. பையனுக்குக் கை பழகவில்லை, பெண்ணுக்கு முடிவெடுத்துப் பழக்கமில்லை. ‘எங்க பாப்பா ரொம்பப் பொறுப்பு, சொன்னதச் செய்வா’ என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் கடைசி இரண்டு சொற்களை இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடித்தால் சரியாகுமா?

முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்ற பழமொழி இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழும். முருங்கைக்கு அது பொருந்தும். ஒடித்த இடத்தில் பக்கக் கிளை வெடிக்கும். பிள்ளைக்குப் பொருந்தாது. அடிக்குப் பயந்து வளரும் பிள்ளை ‘இது சரியா?’ என்று யோசிப்பதைவிட ‘இதைச் செய்தால் அப்பா என்ன செய்வார்?’ என்றுதான் அதிகம் யோசிக்கும். அளவுகோல் அதன் மனதுக்குள் உருவாகாமல் அப்பாவின் முகத்திலேயே நின்றுவிடும். அப்பா இல்லாத இடத்தில் அளவுகோலும் இருக்காது.

உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1966இல் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். அதட்டி ஆளுகிறவர், எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுக்கிறவர், விதியும் வைத்து அதன் காரணத்தையும் சொல்லிப் பிள்ளையின் பேச்சையும் கேட்கிறவர். முதல் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தெரிந்தாலும் ஓர் இடத்தில் ஒன்று சேருகிறார்கள்: இருவருமே பிள்ளையிடம் காரணம் கேட்பதில்லை. ஒருவர் தன் விருப்பத்தைத் திணிக்கிறார், மற்றவர் பிள்ளையின் விருப்பத்துக்கு உடனே இணங்குகிறார். ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்ற பேச்சு இரண்டு வீட்டிலும் நடப்பதில்லை. யோசனை பழகும் இடம் அந்தப் பேச்சுதான்.

ஏன் பழகாமல் போகிறது

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். என்ன செய்தாலும் மின்னதிர்ச்சியை நிறுத்த முடியாது என்ற நிலையில் இருந்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் முயற்சி செய்யாமல் படுத்துவிட்டன. ‘இயலாமையை அவை கற்றுக்கொண்டன’ என்று அப்போது விளக்கினார்கள். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 2016இல், மூளை ஆய்வுகளைப் பார்த்த பிறகு அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். தொடர்ந்து துன்பம் வரும்போது செயலற்றுக் கிடப்பதுதான் இயல்பான நிலை. தன் செயலால் ஒன்று மாறுகிறது என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள்.

விலங்குச் சோதனையை அப்படியே பிள்ளை வளர்ப்புக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அது காட்டும் திசை முக்கியமானது. ‘என்னால் முடியும்’ என்பது தானாக முளைப்பதில்லை. கையில் பொறுப்பு இருந்து, செய்து, விளைவைப் பார்த்துப் பழக வேண்டியது அது. 1977இல் ஆல்பர்ட் பண்டுரா தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோதும், தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தைத்தான் வலுவான ஊற்றாக வைத்தார். பிறர் ஊக்கிச் சொல்லும் வார்த்தை அதற்குப் பின்னால்தான் வருகிறது. ‘உன்னால முடியும்டா தங்கம்’ என்று பத்து முறை சொல்லிவிட்டு, ஷூ லேஸை நாமே கட்டிவிட்டால் பிள்ளை நம்புவது கட்டிவிட்ட கையைத்தான்.

மலைக்குப் போகும் வீடுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கென்று ஒரு சூழல் இருக்கிறது. விடியும் முன்பே சோற்றுத் தூக்கோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் அம்மா, திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பகல் முழுக்கப் பிள்ளை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கும். பகலெல்லாம் கூட இல்லையே என்ற உறுத்தலை அம்மா சாயங்காலத்தில் ஈடுகட்டப் பார்க்கிறார்: பையை அடுக்கி, நோட்டுக்கு அட்டை போட்டு, ஊட்டியும் விட்டு. ‘தாயில்லாத பொழுதில் பிள்ளை வாடிவிடக் கூடாது’ என்று அம்மாச்சியும் எல்லாவற்றையும் செய்து வைக்கிறார். இருவரின் அன்பும் உண்மையானது. நடுவில் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அதே அம்மா தோட்டத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஏலச் செடியில் ஒரே கொத்தில் காய்கள் ஒன்றாக முற்றுவதில்லை. பிஞ்சும் முற்றிய காயும் பழமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளே விதை கருத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பருவத்தில் எடுக்க வேண்டும். பிஞ்சை எடுத்தால் உலர்ந்தபின் சுருங்கி எடை போய்விடும். பழுக்க விட்டால் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், காயும்போது தோல் வெடிக்கும். ஒவ்வொரு காய்க்கும் பக்கத்தில் கங்காணி நிற்க முடியாது. தரையோடு குனிந்து உட்கார்ந்து, விரல் நுனியில், எடுக்கலாமா, விடலாமா என்று நாள் முழுக்க முடிவெடுக்கிறார்கள். புதிதாக வரும் பெண்ணுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சில செடிகள், காட்டிக் கொடுப்பது, பிறகு அவள் எடுத்ததைக் கையில் வாங்கிப் பார்த்து ‘இது பிஞ்சு, இதுல பாரு’ என்பது, பிறகு தனி வரிசை. புதியவள் எடுக்க வேண்டிய காயை யாரும் கடைசி வரை எடுத்துக் கொடுப்பதில்லை. பிள்ளைக்கும் இதே முறைதான் வேண்டும். தெரியாத வித்தை ஒன்றும் இல்லை; வீட்டுக்குள் அதைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

உதவியை எப்படிக் கொடுப்பது, எப்போது எடுப்பது

1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 3, 4, 5 வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு பிரமிடு கட்டச் சொல்லி, உதவுகிறவர் எப்படி உதவ வேண்டும் என்று கவனித்தார்கள். அப்படிப்பட்ட உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாரம்’. கட்டடத்துக்குக் கட்டுகிற அதே சாரம். வுட்டின் பிந்தைய ஆய்வுகளிலிருந்து வந்த நடைமுறை விதி மிக எளியது: பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, செய்து முடித்தால் அடுத்த முறை ஒரு படி குறை.

கொத்தனார்களுக்கு இதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். தளம் போடும்போது கொடுக்கும் சென்ட்ரிங் முட்டுகளை, சாதாரண சிமெண்டாக இருந்தால், 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாளிலும் அதற்கு மேல் இருந்தால் 14 நாளிலும் பிரிக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. முன்னதாகப் பிரித்தால் தளம் தொய்யும். அதற்காக ஒரு மாதம், ஒரு வருடம் என்று யாரும் விட்டுவைப்பதில்லை. பெரிய தளத்துக்கு அதிக நாள், சின்னத் தளத்துக்குக் குறைந்த நாள். பிரிக்கும் நாள் முட்டுக் கொடுக்கும்போதே தெரியும். பிள்ளைக்கு உதவத் தொடங்கும்போது நாம் தவறவிடுவது கடைசியில் சொன்னதைத்தான். ‘இந்த மாசம் முழுக்க நான் எழுப்பி விடுறேன், அடுத்த மாசம் அலாரம்’ என்று முதல் நாளே பேசியிருந்தால், எடுக்கும்போது அது தண்டனை போலத் தெரியாது.

உதவியின் படிகளைக் கீழிருந்து சொல்கிறோம், ஏனென்றால் கீழ்ப் படியில்தான் தொடங்க வேண்டும். முதல் படி, சும்மா இருப்பது. கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டில் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம்; நாலு எண்ணுவதற்குள் நம் வாய் திறந்துவிடும். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் ஒரு கேள்வி: ‘இதுவரைக்கும் என்ன பண்ணிப் பார்த்த?’ அதற்கு மேல், கண்ணைத் திருப்புவது: ‘அந்தப் போர்டுல என்ன போட்ருக்கு?’ அதற்கும் மேல் இரண்டு வழியைச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொல்வது. பிறகு பாதி செய்து காட்டி மீதியை விடுவது. கடைசிப் படிதான் முழுக்கச் செய்து காட்டுவது. அப்போதும் காட்டியதை அழித்துவிட்டுப் பிள்ளையை ஒரு முறை செய்யச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கடைசிப் படியே முதல் படியாக இருக்கிறது. காரணம் நேரம். காலை 7 மணிக்குப் பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது பத்து எண்ண முடியாது. ஆகவே பழக்க வேண்டியதை அவசர வேளையில் பழக்காதீர்கள். சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பிள்ளையிடம் விடலாம் என்பதற்கு மூன்று சோதனை போதும். தவறினால் வரும் நட்டம் சின்னதா? விளைவு சீக்கிரம் தெரிந்துவிடுமா? திரும்பச் சரிசெய்ய முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் விடுங்கள். மதிய உணவை மறந்துவிட்டுப் போனால் மூன்றுக்கும் ஆம். பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் இறங்குவது, மின்சாரம், மாத்திரை, மலைச் சாலையில் வண்டி ஓட்டுவது, போனில் பணம் அனுப்புவது: இவற்றில் ‘பட்டுத் தெரியட்டும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு பயிற்சி: கம்பத்திலிருந்து குமுளிக்கு

யோசிக்கப் பழக்குவதற்கு அறிவுரையைவிடப் பேருந்துப் பயணம் நல்லது. எல்லையோர ஊர்களில் இன்னும் நல்லது. ஏனென்றால் மொழி மாறுகிறது, பலகை மாறுகிறது, கட்டணம் மாறுகிறது. 12, 13 வயதுப் பிள்ளைக்கு நான்கு வாரத் திட்டம் இது.

முதல் வாரம் இருவரும் சேர்ந்து போங்கள், ஆனால் வழி நடத்துவது பிள்ளை. எந்தப் பேருந்து என்று விசாரிப்பது, சீட்டு வாங்குவது, மீதிச் சில்லறையை எண்ணுவது அதன் வேலை. தவறான பேருந்தில் ஏறப் போனாலும் படியில் கால் வைக்கும் வரை பேசாதீர்கள். பெரும்பாலும் நடத்துநரே சொல்லிவிடுவார். இரண்டாம் வாரம் ஒரே பேருந்தில் பிள்ளை முன்னால், நீங்கள் கடைசி இருக்கையில். இறங்கும் இடத்தை அது கவனிக்க வேண்டும். மூன்றாம் வாரம் கம்பத்திலிருந்து கூடலூர் வரை, சுமார் பத்துக் கிலோமீட்டர், தனியாக; கூடலூரில் பெரியவர் ஒருவர் காத்திருப்பார். நான்காம் வாரம் லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளி வரை, ஒரு சாமான் வாங்கும் வேலையோடு. அங்கேயும் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் மூன்று கேள்வி. ‘பஸ் போயிருச்சுன்னா என்ன செய்வ? கண்டக்டர்ட்ட சில்லறை இல்லைன்னா? எறங்குற எடத்த விட்டுட்டா?’ பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அசட்டுப் பதிலாக இருந்தால் ‘சரி, அப்பறம்?’ என்று இன்னும் ஒரு அடி கொண்டுபோங்கள். கட்டணத்துக்கு மேல் 100 ரூபாயைத் தனிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு தொலைபேசி எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். போனுக்குள் சேமித்த எண் சார்ஜ் தீர்ந்தால் கிடையாது.

பெண் பிள்ளைக்கு இதில் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகர்ப் பேருந்தில் கட்டணம் உண்டு, எல்லைக்கு அப்பால் கேரளப் பேருந்திலும் உண்டு. இலவசப் பேருந்துக்குக் காத்திருப்பதா, காசு கொடுத்து முன்னால் வந்ததில் ஏறுவதா? நேரமா, பணமா என்ற உண்மையான முடிவு அது, பெரியவர்கள் தினமும் எடுக்கும் வகை முடிவு. பதில் எதுவாகவும் இருக்கலாம், காரணத்தை மட்டும் கேளுங்கள்.

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்து எல்லை அருகிலேயே நின்றுவிடும். கேரளப் பேருந்து பிடிக்க எல்லை தாண்டி உள்ளே நடக்க வேண்டும். அங்கே பலகைகளில் மலையாளம். படிக்கத் தெரியாத இடத்தில் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு எப்படி உறுதிசெய்வது என்பதெல்லாம் அந்த நூறு அடிக்குள் பழகிவிடும். சீருடையில் இருப்பவர், கடைக்காரர், குழந்தையோடு நிற்கும் பெண் ஆகியோரிடம் கேட்பது நல்லது. தானாக வந்து ‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்பவரோடு போகக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பெரியவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்வது. அப்போது பயணம் செய்வது பிள்ளை, யோசிப்பது மறுபடியும் அம்மா. போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு அழைப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ‘நான்தான் அப்பவே சொன்னேன்ல’ என்ற வார்த்தையை வாயிலிருந்து விடாதீர்கள். ‘எந்த எடத்துல குழப்பமா இருந்துச்சு? என்ன பண்ணுன?’ என்று கேட்டால், நடந்ததை அடுக்கிச் சொல்லும்போதே பிள்ளை இரண்டாம் முறை யோசிக்கிறது.

பணமும் படிப்பும்

கைச்செலவுப் பணம் தொகையால் பயன்படுவதில்லை, இடைவெளியால் பயன்படுகிறது. கேட்கும்போதெல்லாம் பத்து ரூபாய் கொடுத்தால் பிள்ளை பழகுவது கேட்பதை மட்டும்தான். வாரத்துக்கு 50 ரூபாய், ஞாயிறு காலை, நடுவில் கிடையாது என்றால் திங்களன்று செலவழித்தால் சனி வரை இல்லை என்ற கணக்கு தானாக வரும். முதல் சில வாரங்கள் பணம் செவ்வாய்க்குள் தீரும். முன்பணம் கொடுத்தால் பயிற்சி முடிந்துபோனது என்று பொருள். அம்மாச்சி முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் இருபது ரூபாயும் இதில் சேரும். 10 வயது நிரம்பிய பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி 2014 முதல் இடமளிக்கிறது. வரம்புகளை அந்தந்த வங்கி வைக்கும். பணம் போடும் சீட்டைப் பிள்ளையே எழுதட்டும், அடித்தல் திருத்தலோடு.

படிப்பில் பெரிய கைமாற்றல் 17 வயதில் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தால், அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்தத் தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தை ஒதுக்குவார்கள். ஆகவே வரிசைதான் எல்லாம். ‘கிடைக்காது’ என்று நினைக்கும் கல்லூரியை மேலே வைப்பதால் நட்டமில்லை. வேண்டாத கல்லூரியை மேலே வைத்தால் அதுவே கிடைத்துவிடும். சின்ன ஊர்களில் இந்த வரிசையைப் பிரவுசிங் சென்டரில் இருப்பவர் நிரப்புவதும், மாணவர் பின்னால் நின்று ஓ.டி.பி. சொல்வதும் சாதாரணம். நான்கு வருடப் படிப்பு, முகம் தெரியாத ஒருவரின் பத்து நிமிட யோசனை. அதற்கு முன் ஒரு நோட்டில் பிள்ளையே வரிசையை எழுத வேண்டும்: கல்லூரி, பாடம், வீட்டிலிருந்து தூரம், விடுதிச் செலவு, போன ஆண்டு அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண். பக்கத்தில் ‘ஏன் இதற்கு மேல் அது?’ என்று ஒரு வரி. பெற்றோர் கேள்வி கேட்கலாம், பணம் எவ்வளவு முடியும் என்று எல்லை சொல்லலாம். வரிசையை மாற்றி எழுதும் பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

வீட்டுப்பாடத்துக்குப் போனைக் கேட்பதும் இன்று ஒரு செல்லம்தான். கேட்டதும் பதில் வருகிறது. தடை செய்வதைவிட, முதலில் தன் பதிலைத் தாளில் எழுதிவிட்டு அதன்பின் போனில் பார்ப்பது என்ற ஒரு விதி அதிகம் உதவும். ஒப்பிட்டுப் பார்க்கச் சொந்தமாக ஒன்று இருக்க வேண்டும்.

தாமதமாகத் தொடங்குகிறவர்களுக்கு

பத்து வருடம் ஊட்டிவிட்ட கையைத் திடீரென்று எடுத்தால் முதலில் நிலைமை மோசமாகும். இதுவரை பலித்த அழுகை பலிக்காதபோது, நிற்பதற்கு முன் அது இன்னும் உரக்க வரும். இது பழக்கங்களின் இயல்பு, முறை தவறு என்பதற்கு அடையாளம் இல்லை. ஆபத்து நாலாவது நாளில்தான். அன்று விட்டுக்கொடுத்தால் ‘நாலு நாள் அழுதால் கிடைக்கும்’ என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது பலிக்கும் பழக்கம் எப்போதும் பலிக்கும் பழக்கத்தைவிட அழிக்கக் கடினமானது. எனவே ஒரே நேரத்தில் ஐந்து விஷயத்தில் கை வைக்காதீர்கள். ஒன்றை எடுங்கள், பை அடுக்குவது போலச் சின்னதாக. வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

அம்மாச்சியிடம் ‘நீங்கதான் கெடுக்கிறீங்க’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் கைக்கு வேறு வேலை வேண்டும். ‘அம்மாச்சி, இவனுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுங்களேன். நீங்க அடுப்புப் பக்கம் உக்காந்துக்கங்க, கை மட்டும் வைக்காதீங்க’ என்று கேட்டுப் பாருங்கள். செய்து கொடுப்பவர் கற்றுக்கொடுப்பவராக மாறுவது அவருக்கும் மரியாதை.

உடல்நலக் குறை, கற்றல் சிரமம், வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கூடுதல் உதவி செல்லம் ஆகாது. அவர்களுக்கும் மேலே சொன்ன படிகள் பொருந்தும், ஒவ்வொரு படியிலும் அதிக நாள் நிற்க வேண்டியிருக்கும். எதை எப்போது விடலாம் என்பதைச் சிகிச்சை தருபவரோடு பேசி முடிவு செய்வது நல்லது.

செல்லமாக வளர்ந்து, இப்போது 20, 25 வயதில் இதைப் படிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. யாரிடமாவது கருத்துக் கேட்கும் முன் உங்கள் பதிலை ஒரு வரியில் எழுதிவிடுங்கள், பிறகு கேளுங்கள். கேட்பது தவறில்லை, வெறுங்கையோடு கேட்பதுதான் பழைய பழக்கம். என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை, எந்த வண்டி போன்ற சின்னவற்றை ஒரு நிமிடத்துக்குள் யாரையும் கேட்காமல் முடியுங்கள். பெரியவற்றுக்கு ஒரு நோட்டு: தேதி, எடுத்த முடிவு, காரணம், என்ன நடக்கும் என்று எதிர்பார்ப்பு. ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து, நடந்ததை வேறு மையில் எழுதுங்கள். தவறியிருந்தால் அதற்குக் கீழே இரண்டில் எது என்று குறியுங்கள்: தெரிந்துகொள்ளாமல் விட்ட தகவல் இருந்ததா, தெரிந்தும் எடை போட்டது தவறா? முதலாவது என்றால் அடுத்த முறை யாரிடம் விசாரிப்பது என்று பெயர் எழுதுங்கள். இரண்டாவது என்றால் எதற்கு அதிக எடை கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.